பொங்குமாங்கடலும் ஒத்தப் பம்பு இதயமும்

குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சிருச்சு, ஐந்தருவியில தண்ணி கொட்டுதுன்னு ஒரு பதிவு போட்டா போதும். ரூம் வாடகை எவ்வளவு, செங்கோட்டை பார்டர்ல பரோட்டா சாப்பிட்டீரா, படம் எங்கவேன்னு பின்னூட்டம் வரிசையா வந்து விழும். அதையே "பிறவி இதயக் குறைபாட்டில் ரத்த ஓட்டத்தின் கணினி மாதிரி"ன்னு தலைப்பு வச்சா நானும் எங்க வீட்டுப் பூனையும் மட்டும்தான் படிப்போம். அதான் தலைப்புல பொங்குமாங்கடலை இழுத்து விட்டிருக்கேன். ஏமாத்து வேலைன்னு நினைச்சுராதீங்க மக்கா, ரெண்டுக்கும் நெசமாவே சம்பந்தம் இருக்கு.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். குழந்தைகளோட சிக்கலான இதய ஆபரேஷனுக்கு முன்னாடி, ரத்தம் எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறது பணக்கார நாட்டு விளையாட்டு இல்ல. அவங்களை விட நமக்குத்தான் அது ரொம்பத் தேவை. ஆனா அவங்க கணக்கை அப்படியே இறக்குமதி பண்ணினா, அது வேற யாரோ ஒரு பிள்ளையோட இதயத்துக்குப் போட்ட கணக்காத்தான் இருக்கும். நம்ம பிள்ளைகளோட அளவுகளை வச்சு, நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்காக, நாமளே போடணும். இதான் பதிவு. அவசரமா இருக்கிறவங்க இத்தோட கழண்டுக்கலாம் :-)

இருக்கிறவங்க வாங்க, மெயினருவிக்குப் போவோம்.

தண்ணியோட வேகம் எங்க போச்சு?

மெயினருவியில தண்ணி உச்சியிலேருந்து நேரா நம்ம தலையில விழல. நேரா விழுந்தா குளிக்கிறவன் கதி அதோகதிதான். நடுவுல பாறையில ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அதுதான் பொங்குமாங்கடல். மேலேருந்து வர்ற தண்ணி அதுக்குள்ள விழுந்து, சுழன்று, பொங்கி, பாதி வேகத்தை அங்கேயே தொலைச்சுட்டு அப்புறமா வழிஞ்சு கீழ வருது. அதனாலதான் நாம எண்ணெய் தேய்ச்சுட்டுப் போய் ஹாயா நிக்க முடியுது.

குளிக்கிறவனுக்கு இது வரம். ஆனா, அந்தத் தண்ணி கீழ இறங்கி, பின்னே தன் சொந்த வேகத்துலயே ஒரு மேட்டை ஏறியாகணும்னு வச்சுக்கோங்க. அப்போ அதே பொங்குமாங்கடல் சாபமாயிரும். இருந்த கொஞ்ச வேகத்தையும் சுழல்லயே விட்டாச்சுன்னா மேடு எப்படி ஏறும்?

இப்ப இதயத்துக்கு வருவோம். இதயம்னா ஒரு பம்பு இல்ல, ரெண்டு. வலது பக்கத்துப் பம்பு உடம்பு முழுக்கச் சுத்தி வந்த ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும். இடது பக்கத்துப் பம்பு நுரையீரல்ல ஆக்ஸிஜன் வாங்கிட்டு வந்த ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும். சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு பம்பு வளராமப் பிறக்குதுங்க. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் ஒண்ணாக் கலந்து, உதடும் நகமும் நீலம் பாய்ஞ்சு நிக்கும்.

எண்ணிக்கையையும் பாத்துருவோம். பிறக்கிற 1000 குழந்தைகள்ல சுமார் 8, 9 பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறைபாடு இருக்கும். அந்தக் கணக்குல இந்தியாவுல வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல. பலது சின்ன ஓட்டை, தானா மூடிரும், இல்லேன்னா ஒரே ஆபரேஷன்ல சரியாயிரும். ஆனா அஞ்சுல ஒரு பங்கு குழந்தைகளுக்கு முதல் வருஷத்துலயே ஏதாவது செஞ்சாகணும்னு மதிப்பீடு. ஒத்தப் பம்பு பிள்ளைங்க அதுக்குள்ள ஒரு சின்னக் கூட்டம். சின்னக் கூட்டம்தான், ஆனா அவங்க பாடுதான் ரொம்பக் கஷ்டம்.

இருக்கிற ஒத்தப் பம்பை உடம்புக்கு விட்டுட்டு, நுரையீரலுக்குப் பம்பே இல்லாம ரத்தத்தை அனுப்பினா என்னன்னு பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல ஃபிரான்சிஸ் ஃபோன்டான்னு ஒரு சர்ஜன் யோசிச்சாரு. 1968-ல செஞ்சும் காட்டினாரு. 1971-ல எழுதி வெளியிட்டாரு. இன்னிக்கும் அந்த ஆபரேஷனுக்கு அவர் பேருதான். உடம்புலேருந்து வர்ற பெரிய சிரைகளை நேரா நுரையீரல் தமனியோட இணைச்சிருவாங்க. தள்ள ஆளில்லை. சிரையில இருக்கிற கொஞ்ச அழுத்தமும், மூச்சு இழுக்கும்போது கிடைக்கிற உறிஞ்சலும்தான். சாதாரண மனுஷனுக்கு வலது பம்பு சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துல தள்ளும். இந்தப் பிள்ளைகளுக்குச் சிரையில 10, 15 அளவுலதான் இருக்கும். அதை வச்சே நுரையீரல் மேட்டை ஏறணும். மேட்டுக்கதை ஏன் சொன்னேன்னு இப்ப புரியுதா?

இதயத்துக்குள்ள ஒரு பொங்குமாங்கடல்

ஃபோன்டான் முதல்ல செஞ்ச முறையில ரத்தம் போற வழியில வலது மேலறை இருந்தது. அது துடிக்கிற அறைதானே, கொஞ்சம் தள்ளிவிடும்னு அன்னிக்கு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. நியாயமான நம்பிக்கைதான். ஆனா போகப்போக அந்த அறை பலூன் மாதிரி வீங்குறதும், ரத்தம் அங்கேயே சுத்தி உறையுறதும், துடிப்பு தாறுமாறாப் போறதும் தெரிய வந்தது.

லண்டன்ல கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில மார்க் டி லெவால்னு ஒரு சர்ஜன். அவரும் கூட்டாளிகளும் இதை ஆய்வுக்கூடத்துல தண்ணி ஓட விட்டுப் பாத்தாங்க. வழியில இருக்கிற அந்த அறை தள்ளிவிடல, இருக்கிற சக்தியைச் சுழல்ல தின்னுதுன்னு தெரிஞ்சது. அதாவது, அது பம்பு இல்ல, பொங்குமாங்கடல்! 1988-ல அறையை விலக்கிட்டு சிரைகளை நேரடியா இணைக்கிற முறையை வெளியிட்டாங்க. ஒரு குழாய்ப் பரிசோதனை உலகம் பூரா குழந்தைகளோட ஆபரேஷனையே மாத்துச்சு.

அடுத்த சிக்கல். மேலேருந்து ஒரு சிரை, கீழேருந்து ஒரு சிரை, ரெண்டும் நேருக்கு நேரா வந்து முட்டினா? தென்காசி பஸ் ஸ்டாண்டு வாசல்ல உள்ள போற பஸ்ஸும் வெளிய வர்ற பஸ்ஸும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கிற கதைதான். 1996-ல டி லெவால் இத்தாலியில மிலான் பொறியாளர்களோட சேர்ந்து இந்த முட்டலைக் கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்தாரு. அதே வருஷம் அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்ல கண்ணாடிக் குழாய் மாதிரி செஞ்சு இன்னொரு குழு பாத்துச்சு. ரெண்டு சிரையையும் நேருக்கு நேரா வைக்காம கொஞ்சம் தள்ளித் தைச்சா சக்தி வீணாகுறது குறையுதுன்னு தெரிஞ்சது. ஒரு விரக்கடைக்கும் குறைவான நகர்வு, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை ஓடி விளையாடுமா, படியேறும்போது மூச்சு வாங்குமாங்கறது அதுலயும் இருக்கு.

அந்த ஜார்ஜியா டெக் குழுவோட தலைவர் பேரு அஜித் யோகநாதன். இலங்கையில பிறந்தவர். பேரைப் படிச்சதும் நான் நிமிர்ந்து உக்காந்துட்டேன் :-) 1979-ல அங்க ஆசிரியராச் சேர்ந்தவர். செயற்கை வால்வுகளுக்குள்ள ரத்தம் எப்படிப் பாயுதுன்னு சோதிச்சே பேர் வாங்கினவர். 2015-ல அமெரிக்க தேசியப் பொறியியல் அகாதமிக்குத் தேர்வானார். நம்ம வலையுலகத்துல "தமிழன் சாதனை"ன்னு எது எதுக்கோ பதிவு வருது, இவரைப் பத்தி ஒண்ணும் என் கண்ணுல படல. சரி, அது தனிப் புலம்பல்.

ஐந்தருவிக் கணக்கு

சக்தி விரயத்தை விட நுணுக்கமான ஒரு சங்கதி இருக்கு. கல்லீரல்லேருந்து வர்ற ரத்தம் ரெண்டு நுரையீரலுக்கும் போய்ச் சேரணும். அதுல ஏதோ ஒரு பொருள் இருக்கு. அது கிடைக்காத நுரையீரல்ல தமனியும் சிரையும் குறுக்கு வழியில இணைஞ்சு, ரத்தம் ஆக்ஸிஜன் வாங்காமலே திரும்பி வர ஆரம்பிச்சிரும். ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சிருக்கும், தையல் பிரமாதமா இருக்கும், ஆனா பிள்ளை கொஞ்சங்கொஞ்சமா மறுபடி நீலமாகும். பெத்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

ஐந்தருவியில மேலேருந்து வர்றது ஒரே ஓடைதான். எந்தப் பிரிவுல எவ்வளவு விழணும்னு பாறையோட வெட்டுதான் தீர்மானிக்குது. தண்ணி குறைஞ்சா சில பிரிவு காய்ஞ்சு கிடக்கும். கீழ நின்னு அண்ணாந்து பாக்குறவனுக்கு அஞ்சும் தெரியும். ஆனா உள்ள கல்லீரல் ரத்தமும் மத்த ரத்தமும் கலந்து ஓடும்போது, இது எத்தனை பங்கு வலப்பக்கம் போச்சு, எத்தனை பங்கு இடப்பக்கம் போச்சுன்னு சர்ஜனோட கண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் சிவப்புதான்.

கம்ப்யூட்டருக்குத் தெரியும். கல்லீரல் ரத்தத்துக்கு மட்டும் சாயம் பூசுன மாதிரி கணக்குல பின்தொடரலாம். கீழ்ச்சிரை வழி மாறிப் பிறந்து, ஒரு பக்க நுரையீரலுக்குக் கல்லீரல் ரத்தம் போகாமப் போன பிள்ளைகளுக்கு மறு ஆபரேஷன் செய்யும்போது, டியூபை எந்த இடத்துல எந்தக் கோணத்துல தைக்கலாம்னு பல விதமாத் திரையிலயே தைச்சுப் பாத்து, எது ரெண்டு பக்கமும் பிரிச்சுக் குடுக்குதோ அதைச் சர்ஜனுக்குக் காட்டினாங்க. யோகநாதன் குழு இப்படி ஒரு திட்டமிடலை 2009-லயே ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டிருக்கு.

என் கட்சி இங்கதான் பலமாகுது. இந்த ஆபரேஷன்ல வைக்கிற செயற்கை டியூப் பெரும்பாலும் 18, 20 மில்லிமீட்டர் விட்டம். பிள்ளை வளரும், டியூப் வளராது. ஒரு தடவை தைச்சா தைச்சதுதான். மாத்தணும்னா மறுபடி நெஞ்சைத் திறக்கணும். அப்படிப்பட்ட வேலைக்கு ஒத்திகை கூடாதா? 1944 நவம்பர் 29-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நீலக் குழந்தைக்கு முதல் ஆபரேஷன் நடந்தப்ப, சர்ஜன் பிளாலக்குக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் மேல நின்னு விவியன் தாமஸ் வழி சொல்லிக்கிட்டே இருந்தாரு. காலேஜ் போகாத கறுப்பின ஆய்வுக்கூட உதவியாளர். ஏன் அவர் வழி சொன்னாரு? நாய்கள்ல அந்த ஆபரேஷனை அத்தனை தடவை ஒத்திகை பாத்தது அவர்தான். அன்னிக்கு நாய், 1988-ல குழாய், இன்னிக்கு கம்ப்யூட்டர். மூணும் ஒத்திகைதான்.

கடைமடையைப் பாக்காம மடையைத் திறக்காதே

"கம்ப்யூட்டர் எப்படிவே கண்டுபிடிக்கும்?"னு கேக்குறவங்களுக்குச் சுருக்கமா. சிடி அல்லது எம்ஆர்ஐ படத்துலேருந்து ரத்தக்குழாயோட வடிவத்தைத் தனியாப் பிரிச்சு எடுப்பாங்க. அதைப் பல லட்சம் குட்டிக் குட்டிக் கட்டங்களாப் பிரிப்பாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் உள்ள வர்றது எவ்வளவு, வெளிய போறது எவ்வளவு, யார் யாரைத் தள்ளுறாங்கன்னு நேவியர், ஸ்டோக்ஸ்னு ரெண்டு பேர் 19-ஆம் நூற்றாண்டுல எழுதி வச்ச சமன்பாட்டைப் போட்டு, ஒரு துடிப்புக்கு ஆயிரக்கணக்கான தடவை கணக்குப் பண்ணும். பல மணி நேரம் ஆகும், சில சமயம் நாள் கணக்குல.

ஆனா வடிவம் மட்டும் போதாது. விவசாயம் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். சிற்றாத்துக் கால்வாய்ல எவ்வளவு தண்ணி ஓடும்னு தலைமடையை மட்டும் பாத்துச் சொல்ல முடியுமா? கடைசியில இருக்கிற குளம் ஏற்கெனவே ரொம்பியிருந்தா, தண்ணி எதிர்த்து நிக்கும். மடையில எவ்வளவு அடைப்பு, கரையில எங்க கசிவு எல்லாம் தெரியணும். இதயக் கணக்குலயும் அப்படித்தான். நுரையீரலோட தடை எவ்வளவுங்கறது கடைமடை. அதைத் தப்பாக் குடுத்தா, திரையில கலர் கலரா அழகான படம் வரும். பாக்க ஜோரா இருக்கும். விடை மட்டும் தப்பா இருக்கும்.

நம்ம பிள்ளைகள் விஷயத்துல மாட்டுறது இங்கதான். வெளிநாட்டுல இந்தக் குழந்தைகளைப் பெரும்பாலும் வயித்துல இருக்கும்போதே, இல்லேன்னா பிறந்த சில நாள்லயே கண்டுபிடிச்சிருறாங்க. இங்க பல பிள்ளைங்க லேட்டாத்தான் வருதுங்க. லேட்டானா என்ன ஆகும்?

1. ரத்தமே தடிச்சுப் போகும். ஆக்ஸிஜன் பத்தாத உடம்பு சிவப்பணுவைக் கூட்டிக்கிட்டே போகும். சாதாரணமா ரத்தத்துல 100-க்கு சுமார் 40 பங்கு இருக்கிற சிவப்பணு, நாள்பட்ட நீலக் குழந்தைக்கு 60-ஐத் தாண்டவும் செய்யும். ரசத்துக்கும் கூழுக்கும் உள்ள வித்தியாசம். நிறையக் கணக்குகள்ல ரத்தத்தோட தடிமனுக்கு ஒரே ஒரு நிலையான எண்ணைத்தான் போடுறாங்க. இன்னொரு பக்கம், இரும்புச்சத்து இல்லாம ரத்தம் சோகையான பிள்ளையும் இங்க ஏராளம்.

2. உடம்பு தானாவே கிளை வாய்க்கால் வெட்டிக்கும். நுரையீரலுக்கு ரத்தம் பத்தலன்னா, வேற தமனியிலேருந்து புதுசு புதுசாக் கிளைக் குழாய் முளைக்கும். கணக்குல அது இல்லேன்னா கணக்கே உதவாது.

3. சில பிள்ளைகளுக்கு நேர் எதிரா நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போய், வருஷக்கணக்குல அங்க குழாய்கள் இறுகிப் போயிருக்கும். கடைமடையே அடைப்பு. அவங்களுக்கு ஃபோன்டான் ஆபரேஷனே சரிப்படாமப் போகலாம்.

அதனாலதான் சொல்றேன், அட்லாண்டாவுல ஒரு பிள்ளைக்குப் போட்ட கணக்கு ஆலங்குளத்துப் பிள்ளைக்குப் பொருந்தாது. சமன்பாடு ஒண்ணுதான், அதுல போடற எண்தான் வேற.

வர்ற எதிர்ப்புக்கு இப்பவே பதில்

பின்னூட்டத்துல என்னென்ன வரும்னு தெரியும். நானே எழுதிடறேன்.

"முதல்ல பிள்ளைக்கு நோய் இருக்கான்னு கண்டுபிடிங்கடா, அப்புறம் சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கலாம்." நூத்துக்கு நூறு சரி. கொரோனா சமயத்துல 2020, 21-ல வீட்டுக்கு வீடு விரல்ல மாட்டிக்கிட்டு அலைஞ்சோமே பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதோட பச்சைக்குழந்தை வகையை, பிறந்த பிள்ளையோட வலது கையிலயும் ஒரு கால்லயும் வச்சுப் பாத்தாலே மோசமான இதயக் குறைபாடுகள்ல கணிசமானதைச் சந்தேகப்பட்டுப் பிடிச்சிரலாம். அமெரிக்காவுல இதை எல்லாப் பிள்ளைக்கும் செய்யணும்னு 2011-ல பரிந்துரைச்சாங்க. வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இங்கயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்யணும். ஆனா இது இருந்தா அது வேண்டாம்னு ஆகாது. கண்டுபிடிச்ச பிள்ளைக்கு அடுத்தது ஆபரேஷன்தானே? அது ஒழுங்கா அமையணுமா வேண்டாமா?

"தென்காசிக் கோயில் ராஜகோபுர வாசல்ல நுழைஞ்சா காத்து எப்படி மூஞ்சியில வந்து மோதுது! கட்டினவங்க என்ன சமன்பாடு போட்டாங்க? அனுபவம்தான்யா முக்கியம்." அனுபவத்துக்கு நான் எதிரி இல்ல அண்ணாச்சி. நூத்துக்கணக்குல இந்த ஆபரேஷன் செஞ்ச சர்ஜனுக்கு வழக்கமான இதயத்துக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படாமலும் போகலாம். ஆனா காத்தை மூஞ்சி உணரும். கல்லீரல் ரத்தம் எந்தப் பக்கம் போகுதுன்னு எந்த விரலும் உணராது. வழி மாறிப் பிறந்த, வழக்கத்துல இல்லாத இதயத்துக்குத்தான் ஒத்திகை கேக்குறேன்.

"கம்ப்யூட்டர் சொன்னதெல்லாம் நடந்துருச்சா?" இல்ல. இதை மறைக்கக் கூடாது. ஒரு டியூபுக்குப் பதிலா கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியிற டியூப் வச்சா கல்லீரல் ரத்தம் ரெண்டு பக்கமும் சமமாப் போகும்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சு. நிஜப் பிள்ளைகளுக்கு வச்சும் பாத்தாங்க. சிலருக்கு நல்லாப் பிரிஞ்சது, சிலருக்கு எதிர்பார்த்தபடி பிரியல. அந்த முறை எல்லா ஆஸ்பத்திரியிலயும் வழக்கமாகவும் இல்ல. பிள்ளை மூச்சு விடும், ஓடும், வளரும், தூங்கும். கணக்குல இருக்கிறது ஏதோ ஒரு நாள் படுத்துக்கிட்டு எடுத்த படம். அதனால இது ஒத்திகைதான், ஜோசியம் இல்ல. ஜோசியம்னு சொல்லி விக்க வர்றவங்ககிட்டதான் நாம சாக்கிரதையா இருக்கணும்.

"இதுக்கெல்லாம் காசு?" கேளுங்க. இந்தக் கணக்கைப் போடற சிம்வாஸ்குலர்ங்கற சாஃப்ட்வேர் ஸ்டான்ஃபோர்டுல வளர்ந்தது. திறந்த மூலம். இலவசம். யாரும் இறக்கிக்கலாம். அதே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியில இருந்த சார்லஸ் டெய்லர், பெரியவங்களோட இதயத் தமனி அடைப்புக்கு இதே மாதிரி கணக்குப் போட ஹார்ட்ஃப்ளோன்னு கம்பெனி ஆரம்பிச்சாரு. 2014-ல அமெரிக்க அரசு அனுமதியும் கிடைச்சது. பெரியவங்களோட மாரடைப்புக்குச் சந்தை இருக்கு. ஒத்தப் பம்போட பிறக்கிற பிள்ளைக்குச் சந்தை இல்ல. ஆயிரம் பிள்ளைக்கு ஆயிரம் விதமான இதயம், வாங்குறவங்களோ கூலிக்குப் போற அப்பா அம்மா. எந்தக் கம்பெனியும் தானா வராது. அரசாங்கம்தான் வரணும்.

மஞ்சப்பை

எங்க சொந்தத்துல ஒரு பொடியன் இருக்கான். ஒத்தப் பம்பு. முதல் கட்ட ஆபரேஷன் முடிஞ்சு அடுத்ததுக்குக் காத்திருக்கான். புளியரை, ஆரியங்காவு மலையேறித் திருவனந்தபுரம், இந்தப் பக்கம் மதுரை, சென்னைன்னு அவன் அம்மா பஸ்ஸும் ரயிலுமா அலைஞ்சாச்சு. அவகிட்ட ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள எக்கோ ரிப்போர்ட், கேத் ரிப்போர்ட், நாலு சிடித் தட்டு. அதுல ஒண்ணு கீறல் விழுந்து திறக்கவே இல்ல. முன்ன ஸ்கேன் எடுத்த ஒரு ஆஸ்பத்திரியில போய்க் கேட்டா, பழைய படம் எங்ககிட்ட இல்லம்மான்னுட்டாங்க. மறுபடி ஸ்கேன். மறுபடி மயக்க மருந்து, மறுபடி கதிர்வீச்சு, மறுபடி செலவு. "தம்பி, அந்தப் பையைத் தொலைச்சா என் பிள்ளையையே தொலைச்ச மாதிரி"ன்னு அவ எங்கிட்டச் சொன்னா.

கணினி மாதிரி, திரவ இயக்கவியல்னு இவ்வளவு நேரம் பேசினோமே, அதுக்கெல்லாம் மூலப்பொருள் அந்த மஞ்சப்பைக்குள்ளதான் இருக்கு. படம் தொலைஞ்சா கணக்கு இல்ல. அழுத்த அளவு தொலைஞ்சா கடைமடை இல்ல. சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கி வச்சுட்டு மஞ்சப்பையை விட்டா, நெல்லு இல்லாம ரைஸ் மில்லு கட்டுன கதைதான்.

என்ன செய்யலாம்?

நம்மால முடியாதுன்னு ஒரு கூட்டம் எப்பவும் சொல்லும். தென்காசியிலேருந்து 100 கிலோமீட்டர் சொச்சத்துல இருக்கு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா. வல்லியத்தான் தலைமையில அங்க செயற்கை இதய வால்வு செய்யப் போறோம்னு இறங்கினப்பவும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. முதல் மூணு மாடல் தேறல. நாலாவது தேறுச்சு. 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. இன்னிக்கு வரைக்கும் டிடிகே-சித்ரா வால்வை லட்சம் பேருக்கு மேல பொருத்தியிருக்காங்க. டாக்டரும் இன்ஜினியரும் ஒரே நிறுவனத்துல சேர்ந்து வேலை பாத்ததுதான் அதோட ரகசியம். சென்னை ஐஐடியிலயும் 2023-ல மருத்துவத்துக்குன்னே ஒரு துறை ஆரம்பிச்சிருக்காங்க. மத்தளம்பாறையில உக்காந்து உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதுறாங்க. மூளைக்குப் பஞ்சம்னு எவனும் சொல்ல முடியாது.

அதனால என் கோரிக்கை மூணே மூணு.

ஒண்ணு: படமும் அளவும் பிள்ளைக்குச் சொந்தம். எந்த ஆஸ்பத்திரியில எடுத்தாலும் முழுப் படமும், கேத் அழுத்தங்களும், சிவப்பணு அளவும் ஒரே இடத்துல சேரணும். பெத்தவங்க அனுமதியோட அடுத்த ஆஸ்பத்திரி ஒரு பொத்தானை அமுக்கினா வரணும். கைரேகை, கண்ரேகை எல்லாம் சேத்து வைக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு இது பெரிய வேலையா?

ரெண்டு: மாநிலத்துக்கு ஒரு பொதுக் கணக்குக்கூடம். எந்த அரசு ஆஸ்பத்திரி சர்ஜனும் சிக்கலான இதயத்தோட படத்தை அனுப்பலாம். ரெண்டு மூணு வழியில தைச்சா என்னாகும்னு குறிச்ச நாளுக்குள்ள பதில் வரணும். பிள்ளைக்கு இலவசம். படத்துலேருந்து குழாயைப் பிரிச்செடுக்கிற வேலையைத் தென்காசியில இருந்தே பசங்க செய்யலாம், சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டாம்.

மூணு: இதுதான் ரொம்ப முக்கியம். கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சுங்கறதை ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுதிப் பூட்டி வைக்கணும். அப்புறம் ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாத்து, நடந்ததையும் பக்கத்துலயே எழுதணும். பலிச்சதையும் பலிக்காததையும் பேரு ஊரு இல்லாம வெளியிடணும். அப்பத்தான் அடுத்த பிள்ளைக்கு இது உதவும். இல்லேன்னா இன்னும் கொஞ்ச நாள்ல ஏதாவது ஆஸ்பத்திரி "உங்கள் குழந்தையின் இதயம் எங்கள் கம்ப்யூட்டரில்"னு பேனர் வச்சு, பேக்கேஜ்ல சேத்து, கலர் பிரிண்ட் எடுத்துக் குடுத்துக் காசு புடுங்கும். அந்த அம்மாவுக்கு எது நெசம் எது ஜிகினான்னு எப்படித் தெரியும்?

தண்ணியைப் பத்தி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மடை, மதகு, கலிங்கு, கால்வாய்னு எங்க தடுத்தா எங்க ஏறும்னு தலைமுறை தலைமுறையாப் பாத்த ஊரு இது. அதே புத்தியைச் சுண்டுவிரல் தடிமன் குழாய்க்குள்ள காட்டணும், அவ்வளவுதான் நான் கேக்குறது.

நம்ம பதிவர்கள்ல டாக்டருங்க இருக்கீங்க, மெக்கானிக்கல் படிச்சுட்டு வேற வேலை பாக்குறவங்க ஏகப்பட்ட பேர் இருக்கீங்க. உங்க கருத்தைச் சொல்லுங்க. முக்கியமா மூணாவது கோரிக்கையைப் பத்தி. கும்மி அடிக்கிறவங்க அடுத்த குத்தாலப் பதிவுல அடிச்சுக்கலாம், இந்த ஒரு பதிவை மட்டும் விட்டுருங்க சாமிகளா.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்ல. படிச்சதையும் கேட்டதையும் வச்சு எழுதினது. யாரும் இதை வச்சு மருத்துவ முடிவு எடுக்காதீங்க, உங்க டாக்டர்கிட்டப் பேசுங்க.

டிஸ்கி 2: பச்சைக்குழந்தை பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலோ, நெத்தி வேர்த்தாலோ, உதடு நாக்கு நீலமாத் தெரிஞ்சாலோ "வளர வளரச் சரியாயிரும்"னு இருந்துராதீங்க. அன்னிக்கே குழந்தை டாக்டர்கிட்டக் காட்டுங்க. இந்தப் பதிவுல வேற எதுவும் மனசுல நிக்கலன்னாலும் இது ஒண்ணு நின்னாப் போதும்.